வெறுங்கை

நண்டுக் கஞ்சியை மேசையில் வைத்ததும் யோக்-லினின் கைகள் தாமாக ஒன்றையொன்று நாடின. அவள் அவற்றை ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

காலையிலிருந்து இரண்டு முறை தவறியாயிற்று. பரிமாறி முடித்ததும் கைகளை ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கைகளை விரித்துக் கூரைக்குக் காட்டியிருந்தாள்.

இதே கூடத்தில் பதினெட்டு ஆண்டுகள் சூதாட்டக்காரர்களுக்குச் சீட்டுப் போட்டவள் அவள். மேசையை விட்டு எழும்போதெல்லாம், எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று மேலே இருந்த கேமராவுக்குக் கைகளைக் காட்டியாக வேண்டும்.

இப்போது சீனக் கடலோர மக்காவு நகரின் பல விடுதிகளைப் போல இங்கும் சூதாட்ட மேசைகளை அகற்றிவிட்டார்கள். சுவரை இடித்துச் சன்னல் வைத்து, மேடை கட்டி, பாட்டும் விருந்தும் என்று ஆக்கிவிட்டார்கள். பழைய ஆட்களில் ஆறு பேருக்குத்தான் பரிமாறும் வேலை. அதுவும் இன்று ஒரு நாள் சோதித்துப் பார்த்த பிறகு.

"இன்னொரு தடவை கையைத் தட்டினே, அப்படியே வீட்டுக்குக் கிளம்பிடு. சாப்பிட வர்றவங்களுக்குச் சீட்டு ஞாபகம் வரக் கூடாது," என்று மேற்பார்வையாளர் ரொசாரியோ சொல்லியிருந்தார்.

கஞ்சிக் கிண்ணத்தின் முன் இருந்த முதியவர், பழைய ஆட்டக்காரர்களுக்கு விடுதி அனுப்பிய இலவசச் சாப்பாட்டுச் சீட்டுடன் வந்திருந்தார்.

அவரை அவள் அறிவாள். முன்பெல்லாம் அவர் எதிரே வந்து அமர்ந்தால், அவள் கைகளைத் தட்டிக் காட்டிவிட்டு எழுந்துவிட வேண்டும். வேறொருத்தி வந்து சீட்டுப் போடுவாள். அது விதி. ஆகவே அவர் தோற்றதை அவள் ஒரு முறையும் பார்த்ததில்லை.

"ஏம்மா, அந்தக் கையைக் கொஞ்சம் காட்டேன்."

"வேண்டாம். வேலை போயிடும்."

"ஒரே தடவை. நீ ஒண்ணும் எடுக்கலே. உனக்கப்புறம் வந்தவளும் எடுக்கலே. எல்லாரும் வெறுங்கையைக் காட்டிட்டுத்தான் போனீங்க. அப்போ வீடு எங்கே போச்சு?"

கைகள் பையிலிருந்து வெளியே வந்தன. தட்டினாள். விரித்தாள். கேமரா இருந்த இடத்தில் ஒரு வண்ண விளக்கு சுழன்றுகொண்டிருந்தது.

பக்கத்து மேசைக் குடும்பம், ஏதோ வேடிக்கை என்றெண்ணிக் கைதட்டியது. அது அடுத்த மேசைக்குத் தொற்றியது. ஒருவன் கைபேசியை உயர்த்தி, மறுபடியும் செய்யச் சொன்னான்.

ரொசாரியோ விரைந்து வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு, பாரு! நாளையிலேர்ந்து ஒவ்வொரு மேசையிலயும் இதைச் செய்."

வேலை நிலைத்துவிட்டது.

யோக்-லின் அங்கேயே நின்றாள். உறவினர் வந்து அமர்ந்தால் எழுந்து போக வேண்டும் என்பது சூதாட்ட மேசைக்கு உரிய விதி. சாப்பாட்டு மேசைக்கு அப்படி எதுவும் இல்லை.

"கஞ்சி ஆறுது," என்றாள். "இதுக்குக் காசு இல்லே. சாப்பிடுங்க, அப்பா."