மூன்று வருஷ வாரண்டி

வரைபட வேலை பார்க்கும் அந்தப் பெண், புது கம்ப்யூட்டருக்கான ரேமில் தொடங்கி கிராபிக்ஸ் கார்டு வரை ஒவ்வொன்றையும் துருவித் துருவிக் கேட்டாள்.

“மாப்பிள்ளை பாக்கறப்பகூட இவ்வளவு விசாரிச்சிருக்க மாட்டீங்க மேடம்” என்று சிரித்தார் கடைக்காரர். “எல்லாத்துக்கும் மூணு வருஷ வாரண்டி.”

“உங்களுக்கு வேற கிளை ஏதாவது இருக்காண்ணே?”

“எதுக்கு? எங்கப்பா காலத்துலேர்ந்து இதே இடம்தான். நீங்க எப்ப வந்தாலும் இங்கயே இருப்பேன்.”

பாகங்களைப் பொருத்தி மெஷினை ஓட விட்டார். அவள் பென்டிரைவைச் செருகி, தான் வேலை செய்துகொண்டிருந்த வரைபடத்தைத் திறந்து சோதித்தாள். ட்ரோன் எடுத்த படங்களாலான ஊர், கொஞ்சமும் திக்காமல் விரிந்தது.

கடைக்காரருக்கு ஆவல் தாங்கவில்லை.

“அட, நம்ம தெரு! இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க. நம்ம கடை மாடித் தொட்டிகூடத் தெரியுதே! அதென்ன, கடைக்கு நடுவுல செவப்பா ஒரு பட்டை? கார்டுல கோளாறு போல. இருங்க, வேற மாத்தித் தரேன்.”

“கார்டு நல்லாத்தான் இருக்குண்ணே” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அது புதுசா வரப்போற ரோடு. அதான் வேற கிளை இருக்கான்னு கேட்டேன்.”