அக்கா வீட்டுக்குப் போகாத கார்

எங்கள் வீட்டு வாசலில் நின்ற காருக்கு அடியிலிருந்து மெக்கானிக் மூன்றாவது தடவையாக வெளியே வந்தார். முகத்தில் அலுப்பு. என் முகத்திலும் அதேதான்.

"ஆயில் சீல்ங்கிறது ரப்பர் வளையம் சார். எஞ்சின் சூட்டுல காஞ்சு இறுகினா எண்ணெய் கசியும். உங்களுக்கு ரெண்டு தடவை மாத்தியாச்சு. இப்பவும் புதுசாத்தான் இருக்கு."

"அப்ப கீழே கிடக்கிற எண்ணெய்?" என்று கவலைப்பட்டாள் மனைவி. "ஞாயிறானா இவரோட அக்கா வீட்டுக்குப் போயாகணும். இல்லேன்னா வாடிப்போயிடுவார்."

நான் வாடிக் காட்டினேன். நாலு மணி நேரப் பயணம். போய்ச் சேர்ந்ததும் அத்தான் தன் சிறுநீரக ஸ்கேனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விளக்குவார். ஏழு வருஷமாக அதே சிறுநீரகம்.

கசிவைப் பார்க்க நேற்று தான் விரித்துவைத்த அட்டையை மெக்கானிக் இழுத்தார்.

"இந்தத் திட்டு கறுப்பு, எஞ்சின்ல ஓடின எண்ணெய். பக்கத்துல இது தேன் நிறம், டப்பாவுல இருந்து வந்த புது எண்ணெய். ஒரே எஞ்சின் ரெண்டு நிறத்துல ஒழுகாது சார். யாரோ ஊத்துறாங்க."

கறுப்பை ஊற்றியது நான்.

மனைவி என்னைப் பார்க்காமல், நகக்கண்ணில் ஒட்டியிருந்த தேன் நிறத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும் இன்னொரு தடவை சீலை மாத்திடுங்க" என்றோம் இருவரும் ஒரே குரலில். "அவசரமே இல்லை. திங்கட்கிழமை கொடுத்தாப் போதும்."