மூலையில் இருந்த பெயர்

பெண் பார்த்துத் தாம்பூலம் மாற்றிய மூன்றாம் நாள், பூவராகவன் செங்கல்பட்டிலிருந்து தனியாகக் கேளம்பாக்கம் வந்தான். பெண் வச்சலாவின் அப்பா ஜம்புலிங்கம் நாற்காலி போட்டார்.

“இன்னா மாப்ள, திடீர்னு?”

“அன்னிக்குத் தரகர் என்னை ஆர்க்கிடெக்ட்னு சொன்னப்ப கம்முனு இருந்துட்டேன். மனசு கேக்கல. நான் ஒரு ஆர்க்கிடெக்ட்டோட ஆபீஸ்ல டிராப்ட்ஸ்மேன் மாமா.”

“ரெண்டும் ஒண்ணில்லியா?”

“இல்ல. கட்டடம் எப்படி இருக்கணும்னு யோசிக்கிறது அவரு. அதை அளவு பிசகாம வரையறது நான்.”

“நாளைக்கு நீயும் ஆர்க்கிடெக்ட் ஆயிடுவ இல்ல?”

“அதுக்குக் காலேஜ் படிச்சிருக்கணும். சீனியர் டிராப்ட்ஸ்மேன் ஆவேன். அவ்ளோதான்.”

ஜம்புலிங்கம் உள்ளே போனார். ஜாதகம் திரும்பி வரப்போகிறது என்று பூவராகவன் எழுந்து நின்றான்.

அவர் கொண்டுவந்தது சிமென்ட் கறை படிந்த ஒரு நீல பிளான். அதன் கீழ் மூலையில் விரல் வைத்தார். வரைந்தவர் என்ற இடத்தில் பூவராகவனின் பெயர் இருந்தது.

“மாமல்லபுரம் ஓட்டல் பிளான்! இது எப்படி உங்ககிட்ட?”

“அதுக்கு நான்தான் மேஸ்திரி. நீ வரைஞ்ச கோட்ட நம்பி எழுப்புன செவுரு ஒண்ணக்கூட இடிச்சுக் கட்டல.”

“அப்போ தரகர் சொன்னது பொய்னு...”

“அன்னிக்கே தெரியும். நீயா வந்து சொல்றியான்னு பாத்துகினு இருந்தேன். ஒரு வாரம் ஆவும்னேன். மூணே நாள்ல வருவாருன்னு வச்சலா சொன்னா. உள்ள வா, பந்தயத்துல ஜெயிச்சுட்டேன்னு அவளாண்ட நீயே சொல்லு.”