குப்பைமேடு தோட்டமானபோது

தெருமுனைக் காலி மனையில் இருந்த குப்பைமேட்டில் ஒரு நாயும் காகமும் பல வருடங்களாகச் சேர்ந்தே சாப்பிட்டு வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் எல்லாரும் கூடி, குப்பையை அள்ளி, மண்ணைக் கொத்தி, கத்தரியும் வெண்டையும் நட்டார்கள். ஓரத்தில் அவரைக்குப் பந்தல் போட்டார்கள்.

நாய்க்கு அந்த ஈர மண் பிடித்துப்போனது. தண்ணீர் ஊற்ற வருகிறவர்கள் அதற்குத் தயிர்சாதமும் வைத்தார்கள். காகம் மட்டும் மதில்மேல் உட்கார்ந்து புலம்பியது.

“கல்யாண சீசன்ல எப்படி இருக்கும்! மூட்டை மூட்டையா இலை வந்து விழுமே. இனிமே அந்தக் காலம் வருமா?”

“நீ கண்ணாடி குத்தி ஒரு மாசம் நொண்டினதும் அந்தக் குப்பையிலதான்” என்றது நாய்.

“அப்பகூட நல்லாத்தான் இருந்துச்சு. நான் வேற குப்பைமேடு பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் காகம் பறந்துபோனது.

நாய் தினமும் மதிலை அண்ணாந்து பார்த்தது. அவரை பூத்த பிறகுதான் காகம் திரும்பி வந்தது.

“என்ன, அங்க சாப்பாடு கிடைக்கலையா?”

“பிரியாணியே கிடைக்குது” என்றது காகம். “சாப்பிடும்போது பேசத்தான் யாருமில்ல.”

நாய் பந்தல் நிழலில் கொஞ்சம் நகர்ந்து படுத்தது. காகம் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.