ஆளில்லாத அறைக்கு விளக்கு எதுக்கு?

"மாமா, விடியப் போகுது. கிளம்புங்க!"

இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு பின்கதவருகே நின்றான் மைத்துனன். பின்தெருவில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அக்கா புருஷனோ அறை அறையாக நுழைந்து சுவிட்சுகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஆளே இல்லாத ரூமுக்கு ஏசி, ஃபேன், மூணு லைட்டு! அடுக்குமாடா?"

"லேட்டானா எல்லாமே கெட்டுடும் மாமா."

"ரெண்டு நிமிஷத்துல குடி முழுகிடாது. முதல்ல வண்டிய ஆஃப் பண்ணச் சொல்லு. பெட்ரோல் என்ன ஓசியிலயா வருது?"

மைத்துனன் பல்லைக் கடித்துக்கொண்டு டிரைவருக்கு போன் போட்டான். உறுமல் நின்றது.

மாடி விளக்கு அணைந்தது. ஹால் விளக்கு அணைந்தது. சொட்டிய குழாயையும் இறுக்கி மூடினார்.

"அக்கா எப்படித்தான் உங்களோட காலம் தள்ளுதோ!"

"இந்தப் பழக்கத்தையே உங்கக்காதான்டா கத்துக்கொடுத்தா."

வாசல் விளக்கையும் அணைத்துவிட்டு நிம்மதியாக வந்தார். மைத்துனன் பின்கதவைத் திறந்தான். டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது.

தெருவே திரண்டு நின்றது. டிரைவரின் சட்டையை ஒருவர் கொத்தாகப் பிடித்திருந்தார். மைத்துனன் சட்டெனப் பின்வாங்கியதில் பைக்குள் வெள்ளிப் பாத்திரங்கள் கலகலத்தன.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

எதிர்வீட்டுக்காரர் டார்ச்சைத் தாழ்த்தாமல் சொன்னார்:

"இந்த வீட்டுக்காரங்க ஊருக்குப் போய் நாலு நாளாச்சு. போனாலும் சரி, இருந்தாலும் சரி, ஒரு லைட்டையும் அணைக்க மாட்டாங்க. இன்னிக்கு ஒண்ணொண்ணா அணையவும், உள்ள யாரோ திருடன்னு புரிஞ்சுபோச்சு!"