முதலாளியின் கழுத்து

“கலையரசி, இந்தச் சனியனை என் கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்துடும்மா. மணிக்கொரு தரம் ஸ்கிரீனை மூடிட்டு, எந்திரிச்சு நடன்னு வெரட்டுது.”

தன் அறையிலிருந்து குரல் கொடுத்தார் கலியாணசுந்தரம். காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் அந்த அலுவலகத்தின் முதலாளி. அவருடைய கழுத்து வலிக்காக, ஓய்வெடுக்கச் சொல்லும் அந்த மென்பொருளைப் போன மாதம் போட்டுக் கொடுத்ததே கலையரசிதான்.

அவளுக்குப் பக்கென்றது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் உள்ளே போனாள்.

“எடுத்துடலாம் சார். கழுத்து இப்ப எப்படி இருக்குது?”

“வலி போயிடுச்சு. அதான், இது இனிமே எதுக்குன்றேன்.”

“எதனால சார் போச்சு? காலையில உக்காந்தா பொழுது சாயற வரைக்கும் ஸ்கிரீனையே பாத்துக்கினு இருந்தீங்க. கழுத்துல பட்டை போட்டுக்கினு வந்தீங்க. இப்ப தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரீங்க, ஆளே தெளிவாயிட்டீங்க.”

“நேரம் வீணாகுதேம்மா.”

“முகூர்த்த ஆர்டர் எதுனா லேட்டாச்சா சார்?”

அவர் தாடையைச் சொறிந்தார். “இல்ல. முன்னவிட சீக்கிரமாத்தான் முடியுது.”

“வீட்ல அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுடுங்க சார். அவங்க சரின்னா இப்பவே எடுத்துடறேன்.”

மனைவியிடம் கேட்கும் யோசனை அவருக்குப் பிடிக்கவில்லை. “சரி, சரி, இருந்துட்டுப் போகட்டும்.”

சொல்லி வாய் மூடவில்லை, திரை இருண்டது. ‘எழுந்து பத்து நிமிடம் நடங்கள்’ என்றது. முணுமுணுத்தபடியே செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

கலையரசி ஜன்னலோரம் நின்று, அவர் தெருவில் இறங்கி நடப்பதைப் பார்த்தாள். பிறகு திரும்பி, “போயிட்டாரு” என்றாள்.

ஹாலில் இருந்த அத்தனை நாற்காலிகளும் ஒன்றாக நகர்ந்தன. ஷாரோன் சுவரில் சாய்ந்து முதுகை நிமிர்த்தினாள். சிவபாலன் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான். கலையரசி மரத்துப்போயிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினாள். அதே மென்பொருளைத் தங்களுக்கும் போட்டுக்கொள்ளலாமா என்று அவர்கள் கேட்டபோது, “உக்காந்து வேலை செய்யத்தான் சம்பளம்” என்று சொன்னவர் அவர்.

பொழுதுக்கும் அவர் அந்தத் திரையில் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது சேலை டிசைனை அல்ல. ஹாலில் யார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார்கள் என்று காட்டும் கேமராவை.