நீலக் கட்டம் போட்ட சட்டை

புதுப்பித்த வீட்டைக் காட்டத் தங்கையை அழைத்து வந்திருந்தேன். மரங்கள் அடர்ந்த, சந்தடியில்லாத தெரு.

"அண்ணா, அது உன் சட்டையில்ல?" என்றாள், அண்ணாந்து பார்த்து.

பால்கனிக் கம்பியில் கட்டியிருந்த திருஷ்டி பொம்மைக்கு என் நீலக் கட்டம் போட்ட சட்டை. தீபாவளிக்கு இஸ்திரி போட்டு, கவரில் வைத்து, மேஸ்திரி மாசிலாமணிக்கு நான் கொடுத்தது.

மேலே போனதும், மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த அவரிடம் சத்தம் போட்டேன். "ஆசையாக் குடுத்ததைப் பொம்மைக்கா மாட்டுவீங்க?"

"கோவிச்சுக்காதீங்க சார். அக்குள்ல கிழிஞ்சிருந்துச்சு. வீட்ல தைச்சுப் பாத்தாங்க, துணி தாங்கல."

கிழிசல் மடிப்புக்குள் போகும்படி இஸ்திரி போடச் சொன்னது நான்தான்.

தங்கை மரங்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

பொம்மை கைகளை விரித்து நின்றது. அக்குளில் மூன்று வரிசை பொடித் தையல். சட்டையின் நீலத்துக்கே நூலைத் தேடி வாங்கியிருக்கிறார்கள்.